வளைவு வெட்ட எந்த ரம்பம்?

போன இதழில் நேராக அறுக்கிற ரம்பங்களைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி, வளைவுக்கு என்ன செய்வது?" என்று கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வரிசையாகக் கேள்விகள். அதனால் இந்த முறை முழுக்க வளைவுதான். கையால் இழுத்து அறுக்கிற ரம்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஓரிரு பதிலில் மட்டும் மெஷின் தலைகாட்டும்.

தானே புயலில் எங்கள் வீட்டுப் பலா மரம் சாய்ந்துவிட்டது. அப்போதே மில்லில் கொடுத்து ஒரு இஞ்சு கனத்துக்குப் பலகையாக அறுத்துப் பரணில் போட்டு வைத்தேன். இப்போது பேரனுக்கு அதில் ஆடுகுதிரை செய்ய ஆசை. வளைவு வெட்ட ஒரு ரம்பம் கேட்டதற்குக் கடையில் ஆக்ஸா பிளேடைக் கொடுத்தார்கள். நாலு விரற்கடை போனதும் திரும்பவே மாட்டேன் என்கிறது. மெஷின் சத்தம் எனக்கு ஆகாது. கையால் அறுக்க எதை வாங்கலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ருட்டி அருகே

ஐயா, கடைக்காரரைத் திட்ட வேண்டாம். ஆக்ஸா பிளேடு இரும்பு அறுக்கிற சாமான், எல்லாக் கடையிலும் எப்போதும் இருப்பதும் அதுதான், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார். அது திரும்பாததற்குக் காரணம் அதன் அகலம். பல் நுனியிலிருந்து முதுகு வரை அரை இஞ்சு, அதாவது 12.5 மில்லிமீட்டர் வருகிறது. பல் வளைவில் திரும்பப் பார்க்கும், ஆனால் பின்னாலேயே வருகிற முதுகு, அறுத்த பிளவின் சுவரில் போய் இடித்துக்கொள்ளும். பாதிரிப்புலியூர் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பலாம், டவுன் பஸ்ஸைத் திருப்ப முடியுமா?

நீங்கள் ஆசிரியர் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளவின் அகலம் அதேதான் என்று வைத்துக்கொண்டால், பிளேடின் அகலம் பாதியானால் அது திரும்பக்கூடிய வட்டத்தின் ஆரம் பாதியாவதில்லை, ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். 12 மில்லிமீட்டர் பிளேடுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் பதினாறில் ஒரு பங்கு. வட்டத்தின் நாணுக்கும் வில்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நாணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பத்தாம் வகுப்புப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், அதேதான். அப்புறம் பல் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்திருக்கும் அல்லவா, அந்தச் சாய்வு கூடினால் பிளவு அகலமாகித் திரும்புவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும், ஆனால் வெட்டிய முகம் சொரசொரப்பாக வரும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, வரைந்த கோட்டைப் பாருங்கள். வளைவு எவ்வளவு இறுக்கம், மரம் எவ்வளவு கனம், வெட்ட வேண்டிய இடம் பலகை ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் ரம்பம் தானாக முடிவாகிவிடும்.

உங்கள் குதிரையை எடுத்துக்கொள்வோம். தலை, பிடரி, காது, வயிற்றுக்குக் கீழே கால் கவட்டை எல்லாம் இறுக்கமான வளைவு, எல்லாமே ஓரத்துக்குப் பக்கத்தில்தான் வரும். இதற்கு கோப்பிங் சா போதும். யூ வடிவத்தில் ஒரு கம்பிச் சட்டம், அதன் வாயில் இழுத்துக் கட்டிய சன்னமான பிளேடு, அடியில் கைப்பிடி. பிளேடு சுமார் 165 மில்லிமீட்டர் நீளம், அகலம் 3 மில்லிமீட்டர் சொச்சம், இரண்டு நுனியிலும் குறுக்கே ஒரு குட்டி ஊசி இருக்கும், அது சட்டத்தின் கொக்கியில் மாட்டும். கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் பிளேடை எந்தப் பக்கமும் திருப்பி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம், சட்டம் மரத்தில் இடிக்கிற நிலை வந்தால் பிளேடை மட்டும் திருப்பிச் சட்டத்தை வெளிப்பக்கம் தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு இஞ்சுப் பலா அதற்குக் கொஞ்சம் கனம்தான், அறுக்காது என்றில்லை, நிதானமாகப் போகும். 10 அல்லது 15 பல் பிளேடு கேளுங்கள் (ஒரு இஞ்சுக்கு அத்தனை பல் என்று கணக்கு). நெருக்கமான பல் இந்தக் கனத்தில் தூள் அடைத்துக்கொண்டு சூடாகும்.

ஆனால் குதிரைக்கு அடியில் வருகிற அந்த இரண்டு ஆடுகட்டைகள் இருக்கிறதே, அது வேறு சமாசாரம். ஆரம் மூன்றடிக்குக் குறையாது, மெல்ல ஓடுகிற நீளமான வளைவு. இதற்கும் கோப்பிங் சாவையே எடுத்தால் இரண்டு கஷ்டம் வரும். ஒன்று, மாலை வரை அறுத்துக்கொண்டே இருப்பீர்கள். இன்னொன்று, பிளேடு மெலிசாக இருப்பதால் நீள வளைவில் அது கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று அலைந்து, முடித்துப் பார்த்தால் விளிம்பு அலை அலையாக நிற்கும். பெரிய வளைவுக்குக் கொஞ்சம் அகலமான பிளேடுதான் கோட்டோடு ஒழுங்காகப் போகும். கம்பஸ் சா என்று ஒன்று உண்டு, கைப்பிடியிலிருந்து நுனி வரை கூம்பிக்கொண்டே போகும் ஒற்றைப் பிளேடு, சட்டம் கிடையாது. ஆடுகட்டைக்கு அது சரியாக இருக்கும்.

அதுவும் வாங்க வேண்டாம் என்றால் பட்டறைகளில் காலம் காலமாகச் செய்கிற வழி இருக்கிறது. கோட்டுக்கு வெளியே, கழிக்கப் போகிற பக்கத்தில், ஒரு இஞ்சுக்கு ஒரு வெட்டாகச் சாதாரணக் கைரம்பத்தால் நேராக அறுத்துக்கொண்டே வாருங்கள், கோட்டைத் தொடுவதற்கு ஒரு நூல் (அரைக்கால் இஞ்சு) முன்னால் நிறுத்திவிடுங்கள். பிறகு உளியை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். மீதியை மர அரத்தால் ராவிச் சரி செய்யலாம். பலாவில் நார் சில இடங்களில் பின்னிக்கொண்டு ஓடும், அந்த இடத்தில் உளி கோட்டுக்குள்ளேயே கிழித்துவிடும், அதனால் முதல் தட்டில் பாதி ஆழம்தான் எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் பெயர்கிறது என்று பார்த்த பிறகு மீதி. இரண்டு ஆடுகட்டைகளையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ராவுங்கள். தனித்தனியாக ராவினால் குதிரை நொண்டும்.

காதைப் பற்றி ஒன்று. நெடுக்கு நார் காதின் நீளவாட்டத்தில் ஓடும்படி அட்டை அச்சை வைத்து வரையுங்கள். குறுக்காக வந்தால் ரம்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பையன் காதைப் பிடித்து ஏறுகிற முதல் நாளே கையோடு வந்துவிடும்.

கோப்பிங் சா வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியது: பிளேடை மாட்டி இறுக்கச் சொல்லி விரலால் சுண்டிப் பாருங்கள், டிங் என்று கேட்க வேண்டும், டப் என்று கேட்டால் சட்டத்துக்கு விறைப்பு போதாது. பிறகு கைப்பிடியைக் கெட்டியாக முறுக்கிய நிலையில் பிளேடைக் கட்டைவிரலால் திருப்ப முயன்று பாருங்கள், வழுக்கிக்கொண்டு திரும்பினால் வேண்டாம். மலிவான ரம்பங்களில் இதுதான் பெரிய தொல்லை, அறுக்க அறுக்க ஒரு முனை திரும்பும், இன்னொரு முனை நிற்கும், பிளேடு முறுக்கிக்கொண்டு கோட்டை விட்டு ஓடும். சட்டத்தின் ஆழம் 4 இஞ்சிலிருந்து 6 இஞ்சு சொச்சம் வரை கிடைக்கிறது, உங்கள் வேலைக்கு ஆழமானதையே கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்கு ரொம்பச் செலவழிக்க வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பிளேடு இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள்.

பூஜை அறைக் கதவுக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மயிலும் கொடியுமாக டிசைன் வெட்டுகிறேன். ஃப்ரெட் சா ஆன்லைனில் வாங்கினேன். பிளேடு பட் பட்டென்று உடைகிறது. டஜன் கணக்கில் போய்விட்டது. மட்டமான பிளேடா, என் கையா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ரம்பம் சரியானதைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் அம்மா. கதவின் நடுவில் இருக்கிற மயில் கழுத்துக்கு கோப்பிங் சாவின் சட்டம் எட்டாது. ஃப்ரெட் சாவின் சட்டம் 10 இஞ்சு, 12 இஞ்சு, அதற்கு மேலும் ஆழம் வருகிறது, பிளேடும் கோப்பிங் சா பிளேடைவிட ரொம்ப மெலிசு. 130 மில்லிமீட்டர் நீளம், நுனியில் ஊசி கிடையாது, திருகு ஆணியால் இறுக்கிப் பிடிக்கிற வகை. ஊசி இல்லாததே ஒரு வசதி, உள்பக்க வெட்டுக்குப் பொடி ஓட்டை போட்டாலே நுழைந்துவிடும்.

உடைவதற்குப் பெரும்பாலும் கைதான் காரணம், பிளேடு அல்ல. உங்கள் கடிதத்தில் பிளைவுட்டை மேஜை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, ரம்பத்தைத் திருப்பித் திருப்பி வெட்டுவதாக எழுதியிருந்தீர்கள், கோளாறு அங்கேதான். ஃப்ரெட் சாவில் ரம்பம் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும், திரும்ப வேண்டியது பலகை. அதற்கு ஒரு சின்னப் பலகை செய்துகொள்ள வேண்டும். 4 இஞ்சு அகலம், 8 இஞ்சு நீளத்தில் ஒரு துண்டு எடுத்து, ஒரு முனையில் வி வடிவத்தில் ஒரு வெட்டு, அந்த வெட்டின் மூலையில் ஒரு ஓட்டை. இதை மேஜையில் கிளாம்ப் போட்டு, வி பக்கம் வெளியே நீட்டி நிற்கும்படி வையுங்கள். பிளைவுட் அதன் மேல் படுத்திருக்கும், பிளேடு அந்த ஓட்டைக்குள் இறங்கி ஏறும், இரண்டு பக்கமும் மரத்துக்குத் தாங்கல் இருப்பதால் பலகை துள்ளாது. மேஜை உயரம் என்றால் தாழ்வான முக்காலி போட்டு உட்காருங்கள், கண்ணும் வெட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும், முழங்கை சிரமமில்லாமல் மேலும் கீழும் போய் வர வேண்டும்.

பிளேடை மாட்டும்போது ஒரு முனையை இறுக்கிவிட்டு, சட்டத்தை மேஜை ஓரத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக் கொஞ்சம் நெருக்குங்கள். நெருக்கிப் பிடித்தபடியே மறுமுனைத் திருகை முறுக்கி, பிறகு விடுங்கள், சட்டம் விரிந்து பிளேடு விறைத்துக்கொள்ளும். தளர்ந்த பிளேடுதான் வளைந்து வளைந்து உடையும். பலர் விறைப்பாக வைத்தால் உடைந்துவிடும் என்று பயந்து தளர்வாகவே விடுகிறார்கள், நேர்மாறான எண்ணம்.

கூர்மையான மூலை வந்தால், மயில் அலகு மாதிரி இடம், அங்கே முன்னால் தள்ளாதீர்கள். அதே இடத்தில் ரம்பத்தை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிளேடு தனக்கு வேண்டிய சின்னக் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும், அதற்குள் சுழன்றுவிடும். நிறுத்திவிட்டுத் திருப்பினால் பட்டென்று போகும். அரை இழுப்பாக அவசரப்பட்டு ஆட்டாமல் பிளேடின் முழு நீளத்தையும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற பத்துப் பல் மட்டும் தேய்ந்து மழுங்கும், மீதி புதிதாகவே இருக்கும்.

பிளேடுகளுக்கு நம்பர் உண்டு, நம்பர் கூடக் கூடத் தடிப்பும் கூடும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 5-ஆம் நம்பரில் ஆரம்பியுங்கள், கை பழகியதும் 3-க்கு இறங்கலாம். பொதுவாக மரத்தின் கனத்துக்குள் எந்த நேரமும் மூன்று பல்லாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் விளிம்பில் கொக்கி போட்டு இழுக்காது. பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு பசை இருக்கிறது, அது பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும், இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மேல்பக்கம் சிறாய் கிளம்பாது, அடிப்பக்கம்தான் கிளம்பும், அந்தப் பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

உள்பக்க வெட்டை எல்லாம் முதலில் முடித்துவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியில் எடுங்கள். வெளிக்கோடு முதலில் போனால் பிடித்துக்கொள்ள இடமே இருக்காது.

பிளேடை மாட்டும்போது பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டுமா, எதிர்ப்பக்கமா? ஐ.டி.ஐ.யில் ஒருவர் ஒன்று சொல்கிறார், யூடியூபில் வேறு சொல்கிறார்கள்.
— மாணவர், செம்மண்டலம், கடலூர்

தம்பி, வி பலகையின் மேல் வைத்து மேலும் கீழுமாக அறுத்தால் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், இழுக்கும்போது வெட்டும், மரத்தைப் பலகையோடு அழுத்தும். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. மரத்தை வைஸில் (மேஜையோடு மரத்தைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியில்) நிமிர்த்திக் கட்டி, கோப்பிங் சாவை முன்னும் பின்னுமாக ஓட்டினால் சிலர் எதிர்ப்பக்கம் போடுவார்கள், தள்ளும்போது வெட்டும், கோடு இருக்கிற முன்பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் தள்ளும்போது சட்டம் நெருங்கி பிளேடு தளரும், மெலிசான சட்டத்தில் இது நன்றாகவே தெரியும். அதனால் நான் எப்போதும் இழுக்கிற பக்கம்தான். உங்கள் ஆசிரியரும் தப்பாகச் சொல்லவில்லை, பரீட்சை முடிகிற வரை அவர் சொல்கிறபடி போடுங்கள்.

தாத்தா காலத்து வீடு. தாழ்வாரத் தூண் மேல் இருக்கும் போதிகைக் கட்டை ஒன்று கரையான் அரித்துப் போய்விட்டது. அதே மாதிரி தேக்கில் புதிதாகச் செய்ய வேண்டும். 3 இஞ்சு கனம், அடிப்பக்கம் சுருள் வளைவு. கோப்பிங் சா வைத்துப் பார்த்தேன், முடியவில்லை.
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முடியாதுதான். 165 மில்லிமீட்டர் பிளேடு 75 மில்லிமீட்டர் கனத்துக்குள் ஓடினால், மீதி இழுப்பு எவ்வளவு வரும் என்று பாருங்கள், தூள் வெளியே வருவதற்கே வழி இருக்காது. இதற்கு வில் ரம்பம்தான் வேண்டும். இரண்டு மரக்கைகள், நடுவில் ஒரு குறுக்குக்கட்டை, கீழே பிளேடு, மேலே முறுக்கிய கயிறு. கயிற்றுக்குள் ஒரு மரச் சக்கையைச் செருகி முறுக்க முறுக்க மேல் முனைகள் நெருங்கும், கீழ் முனைகள் விலகும், பிளேடு விறைக்கும். எளிமையான பொறி, ஆனால் கோப்பிங் சா சட்டத்தைவிடப் பல மடங்கு இழுவை தரும். அதனால் 8 முதல் 12 இஞ்சு நீளமும் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிளேடைக்கூட நேராக வைத்துக்கொள்ளும்.

நம் ஊர்க் கடைகளில் வளைவு வெட்டுகிற சின்ன வில் ரம்பம் ரெடிமேடாகக் கிடைப்பது அபூர்வம். மரக்கிளை அறுக்க இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வருகிறதே, அதை எடுத்து வந்துவிடாதீர்கள், அது விறகுக்கு. நீங்களே செய்துகொள்ளலாம், போதிகை செய்யத் துணிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. பேண்ட்சா (வளையமாக ஓடுகிற பட்டைப் பிளேடு உள்ள மெஷின் ரம்பம்) வைத்திருக்கும் பட்டறையில் அறுந்துபோன கால் இஞ்சு பிளேடு கேட்டால் கொடுப்பார்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் இரும்பு இளகிவிடும், ஓட்டை போட்டு ஆணி மாட்டலாம். இரண்டு கைப்பிடியையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், மேலிருந்து பார்த்தால் பிளேடு முழுக்க ஒரே கோடாகத் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.

அப்புறம், மூன்று இஞ்சுத் தேக்கில் முன்பக்கக் கோட்டை மட்டும் பார்த்து அறுத்தால் பின்பக்கம் எங்கேயோ போய் நிற்கும். பழைய கட்டையில் கரையான் தொடாத பக்கத்தில் தாளை வைத்துப் படியெடுத்து அட்டை அச்சு ஒன்று வெட்டி, இரண்டு முகத்திலும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு வெட்டு போவதற்குள் இரண்டு முறை பின்னால் எட்டிப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டே அறுத்து, மீதியைக் குழிவு உளியால் இறக்குங்கள். சுருளின் உள்மடிப்பு மட்டும் எந்த ரம்பத்துக்கும் சிக்காது, அது உளி வேலை. இதே மாதிரி எட்டுக் கட்டை வேண்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன், நேராகப் பேண்ட்சா இருக்கிற இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

கொட்டாங்குச்சியில் கம்மல், டாலர் செய்து விற்கிறேன். கோப்பிங் சா போட்டால் ஓடு சில்லு சில்லாக உடைகிறது.
— வாசகி, அரியாங்குப்பம்

நகைப் பட்டறையில் தங்கம், வெள்ளி அறுக்கிற ரம்பத்தை வாங்குங்கள். ஃப்ரெட் சாவின் தம்பி மாதிரிதான், அதே 130 மில்லிமீட்டர் பிளேடு, சட்டம் மட்டும் சின்னது, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், உடைந்த பிளேடின் மிச்சத் துண்டையும் மாட்டிக்கொள்ளலாம். கொட்டாங்குச்சி மரத்தைவிடக் கடினம், கனமும் நாலைந்து மில்லிமீட்டருக்குள்தான், பெரிய பல் போட்டால் கொத்திக்கொண்டு உடைக்கத்தான் செய்யும். பிளேடின் முதுகில் மெழுகுவர்த்தியை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காமல் ஓடும். ஓடு வளைவாக இருப்பதால் வி பலகையின் மேல் ஆடும், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விரலால் அழுத்திப் பிடியுங்கள். அந்தத் தூள் ரொம்பப் பொடி, மூக்குக்கு மாஸ்க் இல்லாமல் உட்கார வேண்டாம்.

ஜிக்சா மெஷின் இரண்டாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறதே, கையால் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
— வாசகர், நெல்லிக்குப்பம்

கஷ்டப்பட வேண்டாம், வாங்குங்கள். 1946-ல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன் மனைவியின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்ப பிளேடை மாட்டிப் பார்த்ததில் பிறந்தது அது என்று சொல்வார்கள். பெரிய வளைவுக்கும் சமையலறை மேடைப் பலகையில் சிங்க்குக்கு ஓட்டை போடவும் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அதன் பிளேடு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளது, கனமான மரத்தில் அடிநுனி வெளியே விலகிப் போகும், மேலே கோட்டில் இருப்பது கீழே சாய்ந்து நிற்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவு வளைவு, பொம்மை, எழுத்து, இதற்கெல்லாம் அது பேயாட்டம். வீட்டில் குழந்தை தூங்குகிற நேரத்திலும் செய்ய முடியாது. இரண்டும் இருக்கிறவர்கள் இரண்டையும் பயன்படுத்துகிறார்கள், சண்டை ஒன்றும் இல்லை.

வெட்டின முகம் செங்குத்தாக வருவதே இல்லை. மேலே வட்டம், கீழே முட்டை.
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

நிற்கிற விதத்தைப் பாருங்கள். வலது கைக்காரர் பக்கவாட்டில் நின்றுகொண்டு அறுத்தால் முழங்கை தானாக வெளியே போகும், ரம்பமும் கூடவே சாயும். மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் வெட்டுக்கு நேர் பின்னால் ஒரே கோட்டில் வரும்படி உடம்பை நகர்த்திக்கொள்ளுங்கள். மரத்தை வைஸில் உயரமாகக் கட்டினால் துடிக்கும், வெட்டுகிற இடம் வைஸின் வாய்க்கு இரண்டு விரல் மேலே இருந்தால் போதும், வளைவு கீழே இறங்க இறங்க மரத்தைத் தளர்த்தி மேலே ஏற்றிக் கட்டுங்கள். இப்படி நாலு தடவை மாற்றிக் கட்டச் சோம்பல்படுவதால்தான் முக்கால்வாசிப் பேருக்கு முட்டை வருகிறது. இதெல்லாம் செய்தும் சாய்ந்தால் பிளேடில் ஒரு பக்கத்துப் பல் மட்டும் மழுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பிளேடு பாக்கெட்டைப் பிரித்த மாதத்திலேயே துரு. பழைய பிளேடைச் சாணை பிடிக்கலாமா?
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

உப்புக் காற்று யாரையும் விடாது. பிளேடுகளைப் பாக்கெட்டோடு தொங்கவிடாமல் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, செருப்பு டப்பாவிலும் பை வாங்கும்போதும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டுவிடுங்கள். மாட்டியிருக்கிற பிளேடைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெயும் போடலாம், ஆனால் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூளை ஒட்டவைக்கும். அறுப்பதற்கு முன்னால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் கறை ஏறி பாலீஷ் பிடிக்காது.

சாணை விஷயம்: கோப்பிங் சா, ஃப்ரெட் சா பிளேடுகளுக்கு வேண்டாம், அவ்வளவு பொடிப் பல்லுக்கு அரம் நுழையாது, விலையும் அந்த உழைப்புக்குப் பொருந்தாது. மழுங்கியதைக் குப்பையில் அப்படியே போடாமல் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள், தூய்மைப் பணியாளர்கள் கையால் அள்ளுகிறார்கள். கம்பஸ் சாவுக்கும் வில் ரம்பத்துக்கும் சின்ன முக்கோண அரத்தால் பல் தீட்டலாம். ஒரு பல்லுக்கு இரண்டு தள்ளு, எல்லாப் பல்லுக்கும் அதே இரண்டு. பல் நுனி நீலமாகக் கருத்திருந்தால் அது தொழிற்சாலையிலேயே கடினமாக்கிய பல், அதில் அரம் வழுக்கும், அரம்தான் கெடும். அதை வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.